சான்றிதழ் சரியாக இருந்தால் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. வேட்டி கட்டிய வெள்ளைக்காரரைப் படம் பிடிக்க உங்கள் நிருபர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், "சான்றிதழ்களைச் சரியாக வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வேலையே அல்ல, அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டால் எந்த நாட்டிலும் செல்லும்" என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறதே, அதை எழுதியவர் எந்தத் தாலுகா அலுவலக பெஞ்சிலாவது ஒரு முற்பகல் உட்கார்ந்தவரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு துணை அஞ்சலகத்தின் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றேன். படிவம் எனக்குப் புதிதல்ல. மணியார்டரில் பின்கோடு விட்டுப்போனால் திருப்பிக் கொடுத்து, "நிரப்பிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னவள் நான். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன் என்று என் நாத்தனார் சொல்கிறார், இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் சான்றிதழ்கள் சரியாகத்தான் இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்டு, ஆண்டுவாரியாக அடுக்கி, பீரோவின் இரண்டாம் தட்டில்.

என் மருமகன் ஜெர்மனிக்காரர். கோவைப் பக்கம் நூற்பாலை ஒன்றுக்கு எந்திரம் பொருத்த வந்தவர். மகள் அந்த ஆலையில் பொறியாளர். மீதியை எழுதத்தான் நீங்கள் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நான் காகிதத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த அப்போஸ்டில். ஒரு நாட்டுச் சான்றிதழ் அசல்தான் என்று மற்ற நாடுகள் ஒத்துக்கொள்வதற்காக ஒட்டும் அத்தாட்சி அது. அதற்கான 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்தது 2005இல். நாம் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. அதனால் நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அந்த வில்லை, ஜெர்மனியைப் பொறுத்தவரை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டும் லேபிளுக்குச் சமம். இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர், பணம் வாங்கிக்கொண்ட ஏஜெண்ட். அவர் மூன்று சான்றிதழ்களைச் சென்னைக்கு அனுப்பி முத்திரை வாங்கி, "உலகம் பூராவும் செல்லுமுங்க அம்மா" என்று கையில் கொடுத்தார். அமைச்சகக் கட்டணம் ஒரு சான்றுக்கு 50 ரூபாய். அவர் வாங்கியது எவ்வளவு என்று இங்கே எழுதினால் என் கணவருக்குத் தெரிந்துவிடும். இப்போது உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் அந்த ஏஜெண்டின் படியேறப் போகிறார்களோ!

வில்லையை நம்பாத ஜெர்மனி என்ன செய்கிறது? ஆள் வைத்து விசாரிக்கிறது. எங்கள் தெருவுக்கு ஒரு வக்கீல் வந்தார். பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தார், மகள் படித்த பள்ளிக்குப் போனார். அதோடு போயிருக்கலாம். எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்தப் பெண்ணுக்கு முன்னமே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர் பைக் தெருமுனை தாண்டுவதற்குள் எதிர் வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் நின்றார். "ஏனுங்க, பெண் மேல் ஏதாவது வழக்குங்களா?" என்றார். முகத்தில் கவலையைவிட ஆவல்தான் அதிகம். அறிக்கை போய்ச் சேர ஐந்து மாதம் ஆயிற்று; ஊருக்குச் செய்தி அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தது.

அடுத்தது பெயர். உங்களுக்குத் தெரியாததல்ல, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது தலைப்பெழுத்தை விரித்து எழுதுகிறோம். ஆக, என் மகளின் குடும்பப் பெயர் அவள் அப்பாவின் பெயர். அவள் அப்பாவின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். என்னுடையது என் கணவரின் பெயர். அந்த ஊர் அதிகாரியின் கணக்கில், நாங்கள் மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். போதாக்குறைக்கு, மகள் பிறந்தபோது கொடுத்த சான்றில் "பெண் குழந்தை" என்றுதான் இருந்தது. பெயர் சேர்த்தது பள்ளியில் சேர்க்கும்போது. அதில் என் கணவர் பெயரின் நடுவில் ஓர் 'எச்' இருக்கிறது, ஆதாரில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக, இவரும் அவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். அறுபத்திரண்டு வயதில், தான் தான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மாப்பிள்ளையிடம் எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு இனிஷியல் என்னங்க?" அங்கே இனிஷியலை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே இனிஷியல் இல்லாத மனிதனை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். (எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. எழுதினால் அடுத்த பிரதிக்கு நான் எங்கே போவது?)

கோயிலில் தாலி கட்டினால் போதாதா என்று கேட்கும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். எங்களுக்கு இருந்த வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், பிறகு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் 30 நாள் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தன் ஊரில் திருமணத் தகுதிச் சான்று வாங்கி வந்திருந்தார். அதை வாங்க அவர் என் மகளின் காகிதங்களைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஐந்து மாதம் போனது இதற்குத்தான். சார்பதிவாளர் அதைப் பார்த்துவிட்டு, தூதரகத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும் என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். "வழக்கமுங்க" என்றார். பெண்ணுக்குத் திருமணமாகவில்லை என்ற சான்றுக்காக இ-சேவை மையத்தில் ஆரம்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறியது தனிக் கதை. மணமக்கள் தடைசெய்யப்பட்ட உறவுமுறையில் வரவில்லை என்றும் எழுதித்தர வேண்டும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுத்தே வளர்ந்த ஊரில், வேறு கண்டத்திலிருந்து வந்தவரிடம் போய் நீ சொந்தமா என்று கேட்கிறது அரசாங்கம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அறிவிப்புப் பலகையை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. என் மகளின் பெயர், வயது, வீட்டு முகவரி எல்லாம் பொதுச் சுவரில் 30 நாள் தொங்கின. பத்திரம் பதிய வந்தவர்கள், வெற்றிலை போட வெளியே வந்தவர்கள், எல்லோரும் படித்தார்கள். கொங்கு நாட்டில் ஒரு பெண் வேற்றாளைக் கட்டப் போகிறாள் என்பதையும் அவள் வீட்டுக் கதவு எண்ணையும் அரசாங்கமே ஒட்டி வைக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பையனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள். இந்த அறிவிப்பை ஒட்டுவது மணமக்கள் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னதையும் நீங்கள்தான் போட்டீர்கள். அது எங்கள் சுவர் வரை வந்து சேரவில்லை.

பதினெட்டாம் நாள் ஓர் அஞ்சல் அட்டை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. மாப்பிள்ளைக்கு அவர் நாட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாக, நல்ல கையெழுத்தில். சட்டப்படி ஆட்சேபிப்பவர் சொல்வதை அறிவிப்புப் பதிவேட்டில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். இதற்குக் கையெழுத்தே கிடையாது. ஆனாலும் பன்னிரண்டு நாள் எங்கள் கோப்பு அசையவில்லை. எழுத்தர் அட்டையை எனக்குக் காட்டினார். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்த்தேன். அச்சு தேய்ந்து, தேதியில் முதல் எண் பாதி விழும் அந்த முத்திரையை நானே ஆறு ஆண்டு குத்தியிருக்கிறேன். எந்த அஞ்சலகம் என்று தெரிந்தது; அந்த ஊரில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பங்காளி வீடு. கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை சேலை கட்டி, இணைச்சீர் என்ற எங்கள் கொங்குக் கல்யாணச் சடங்குக்கு நின்றபோது, முன்வரிசையில் இருந்து செல்போனில் படம் பிடித்தவர்களும் அவர்கள்தான். நான் பாயசம் போடச் சொன்னேன்.

அஞ்சலகம் என்றதும் இன்னொன்று. பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்து ஒழித்தார்களே, அப்போது நான் எழுதிய கடிதத்தை நீங்கள் பாதியாக வெட்டித்தான் வெளியிட்டீர்கள். இதையாவது வெட்டாமல் இருங்கள்.

விசாவுக்கு முன்னால் மகள் ஏ1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2007 முதல் மனைவிமாருக்கு இது கட்டாயம். அமெரிக்கரும் ஜப்பானியரும் எழுத வேண்டாமாம். அவர்களுக்குக் காதல் மொழியில்லாமலே புரியும்போல. அவள் எழுதினாள், தேறினாள், போய்ச் சேர்ந்தாள். ஆரம்பித்ததிலிருந்து பதினாறு மாதங்கள்.

நான் கேட்பது இரண்டுதான். இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது என்று அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள், நான்கு வரி போதும். வெளிநாட்டவரோடு திருமணம் என்றால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகங்களில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லிப் பதிவுத் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் இடமா இல்லை? என் மகளின் முகவரி ஒட்டிய இடம் இப்போது காலியாகத்தான் இருக்கும்.

என் பெயரைப் போட வேண்டாம். பங்காளி வீட்டாருக்குப் பயந்து சொல்லவில்லை. போன முறை என் தலைப்பெழுத்தை 'ப' என்பதற்குப் பதில் 'ம' என்று அச்சிட்டீர்கள். இன்னோர் உறுதிமொழிப் பத்திரத்துக்கு எங்கள் வீட்டில் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஈரோடு மாவட்டம்.