முதலாளி யார் என்று பார்க்காதீர்கள்: அமெரிக்கக் காங்கிரஸின் வரிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரிவிதிப்புக் குழு உறுப்பினர்கள், செனட் சபையின் நிதிக் குழு உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஜனவரிக் கடைசியில், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள் கைக்கு வந்ததும், பழைய மரபில் எளிய வாழ்க்கை வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் ஊர்களில் வரிக்கணக்கு எழுதுகிறவர்களிடம் தவறாமல் ஒரு கேள்வி வரும். “மத நம்பிக்கை காரணமாக வரி விலக்குக் கேட்கும் படிவம் 4029 ஒப்புதலாகி வீட்டில் இருக்கிறது. அப்புறம் ஏன் 4-ஆம் கட்டத்திலும் 6-ஆம் கட்டத்திலும் தொகை போட்டிருக்கிறது?” 4-ஆம் கட்டம் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி (சமூகப் பாதுகாப்பு) வரி, 6-ஆம் கட்டம் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கான வரி. கேட்பவர் பெரும்பாலும் வடக்கு இந்தியானாவில், எல்கார்ட், லக்ரேஞ்ச் பக்கம், பயண வீட்டு வண்டிகள் கட்டும் ஆலையில் வேலை பார்ப்பவராக இருப்பார். சட்டப்படி அவருக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: உங்கள் முதலாளி ஆமிஷ் இல்லை.

ஆண்டுக்கு ஆண்டு இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. எனவே கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். படிவம் 4029 ஒப்புதல் பெற்ற ஒருவர் யாரிடம் வேலை செய்தாலும், அவர் சம்பளத்திலிருந்து அவருடைய பங்கான 7.65 சதவீதத்தைப் பிடிக்காதீர்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1955 முதல் விவசாயிகளும் சோஷியல் செக்யூரிட்டி வரிக்குள் வந்தார்கள். முதியோரையும் நோயாளிகளையும் விதவைகளையும் பார்த்துக்கொள்வது குடும்பத்தின், சபையின் கடமை, அதை அரசின் காப்பீட்டிடம் ஒப்படைப்பது விசுவாசத்துக்கு முரண் என்று ஆமிஷ் மக்கள் கட்ட மறுத்தார்கள். 1961 வசந்தத்தில் பென்சில்வேனியாவின் நியூ வில்மிங்டனில், உழவு நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஆமிஷ் விவசாயி வாலன்டைன் பைலரின் மூன்று குதிரைகளை வருமான வரித் துறை பிடித்துக்கொண்டு போனது. பாக்கி 308.96 டாலர். குதிரைகள் 460 டாலருக்கு விலைபோயின. தீனிச் செலவு, ஏற்றிச்சென்ற செலவு என்று 113.15 டாலர் கழித்து, மீதி 37.89 டாலரை அவருக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மெடிகேரை உருவாக்கிய அதே 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சுயதொழில் செய்யும் ஆமிஷ், அவர்களுக்கு நெருங்கிய பிரிவான பழைய முறை மென்னோனைட் போன்றோருக்கு வரிச்சட்டப் பிரிவு 1402(ஜி) மூலம் விலக்கு கிடைத்தது. ஆமிஷ் முதலாளி ஆமிஷ் தொழிலாளியை வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் லீ வழக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதைச் சரிசெய்யக் காங்கிரஸ் 1988-இல் பிரிவு 3127-ஐச் சேர்த்தது. முதலாளி, தொழிலாளி இருவருமே 4029 ஒப்புதல் பெற்றிருந்தால் இருவர் பங்கும் இல்லை.

‘இருவருமே’ என்ற அந்த நிபந்தனைதான் இடிக்கிறது.

1965-இல் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தவர் உழவர். இன்று வட அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் சுமார் 4 லட்சம். நிலம் அந்த வேகத்தில் பெருகாது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் ஒரு பண்ணையின் விலை, ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கூட எட்டாத உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் மரப்பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் ஆலைக்கும் போகிறார்கள். அவர்கள் விசுவாசம் மாறவில்லை. சம்பளம் கொடுப்பவர் மட்டுமே மாறியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். வாரம் 1,000 டாலர் சம்பளம். சோஷியல் செக்யூரிட்டிக்கு 62 டாலர், மெடிகேருக்கு 14.50 டாலர், ஆக 76.50 டாலர் வாரந்தோறும் போகிறது. ஆண்டுக்கு 3,978 டாலர். சம்பளம் ஒரு காசு உயராமல் 40 ஆண்டு வேலை செய்தாலும் அவர் கையிலிருந்து மட்டும் 1,59,120 டாலர். ஆலையும் அதே அளவு கட்டுகிறது. இதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது என்ன? படிவம் 4029-இல் கையெழுத்திடும்போதே ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரவேண்டிய உதவி, மெடிகேர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நீங்கள் அந்தத் துறப்பை ஏற்றுக்கொள்கிறீர்கள். பணத்தையும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

இத்தோடு முடிந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தொழிலாளியின் அப்பாவுக்கு 70 வயது, இதய அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் 4029 பெற்றவர், அதனால் அவருக்கு மெடிகேர் கிடையாது. மருத்துவமனை ரசீது முழுசாக வீட்டுக்கு வரும். சபைப் பெரியவர்கள் மருத்துவமனை நிர்வாகத்தோடு உட்கார்ந்து, ரொக்கமாக உடனே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று பேசுவார்கள். குடும்பத்தால் முடிந்தது போக மீதியைச் சபையின் மருத்துவ உதவி நிதி ஏற்கும். அதுவும் போதாவிட்டால் சபையின் உதவிப் பொறுப்பாளரான டீக்கன் வீடுவீடாகப் போவார், பக்கத்து மாவட்டச் சபைகளுக்குச் சொல்லி அனுப்புவார், உதவி ஏலம் நடக்கும். ஆண்டுக்கு இருமுறை நற்கருணை ஆராதனை முடிவில் விழும் தரும நிதியும் இதற்காகத்தான். அந்த நிதியில் யார் போடுகிறார்கள்? வாரம் 76.50 டாலர் பறிகொடுத்த அதே ஆலைத் தொழிலாளிதான். ஊரில் மற்ற எல்லா முதியோரின் மருத்துவத்துக்கும் 14.50 டாலர் கட்டிவிட்டு, தன் அப்பாவின் மருத்துவத்துக்குத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது. தேவையுள்ள உறுப்பினர்களைச் சபை தாங்குகிறதா என்பதுதான் விலக்குக்கு நீங்களே வைத்த நிபந்தனை. தாங்குவதற்கான பணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அந்த நிபந்தனையை வைப்பது நியாயமா என்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆமிஷ் மக்கள் வரியே கட்டுவதில்லை என்ற பேச்சு இன்னமும் உலவுகிறது. வருமான வரி, சொத்து வரி, விற்பனை வரி எல்லாம் கட்டுகிறார்கள். பிள்ளைகளைச் சொந்தச் செலவில் தங்கள் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே அரசுப் பள்ளிகளுக்கான வரியையும் கட்டுகிறார்கள். இந்த ஒன்றில் மட்டும்தான் விலக்குக் கேட்கிறார்கள். கூடவே அதன் பலனையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

தமிழில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்த்து, பலன் பெறத் தேவையான 40 காலாண்டு நிறையும் முன் ஊர் திரும்பிய தமிழர்களுக்கு, கட்டிய பணத்தின் பலன் கைக்கு வராமல் போவது என்னவென்று தெரியும். இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இல்லை. ஆனால் ஊர் திரும்புவது ஒரு முடிவு. ஆமிஷ் தொழிலாளிக்கு அப்படியொரு முடிவு எடுக்கும் இடமே இல்லை. பிறந்த மண்ணிலேயே வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறார்.

முதலாளி ஆமிஷாக இருந்தாலும் விலக்குப் போய்விடும் இடங்கள் இருக்கின்றன. இவை பலருக்குத் தெரிவதில்லை, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். தோட்டக் கொட்டகை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரும் ஆறு தொழிலாளிகளும் ஆமிஷ், எல்லோரிடமும் 4029 இருக்கிறது. தனி உரிமையாளர் தொழிலாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒருவர் மட்டும் உறுப்பினராக உள்ள எல்எல்சி (வரம்புக்குட்பட்ட பொறுப்பு நிறுவனம்) ஆக்கினாலும் 2011-இல் வந்த கருவூல விதிப்படி அதன் உரிமையாளரே முதலாளியாகக் கருதப்படுவார், விலக்கு நிற்கும். கூட்டாண்மை என்றால் ஒவ்வொரு பங்காளியும் 4029 பெற்றிருக்க வேண்டும். ஒரே ஒரு பங்காளி வெளியாளாக இருந்தாலும் தொழிலாளிகள் அனைவரின் விலக்கும் போச்சு. தொழில் வளர்ந்ததும் ஊர்ப்பழக்கமில்லாத கணக்காளர் யாராவது, மற்ற எல்லோருக்கும் சொல்வதுபோலவே, எஸ் கார்ப்பரேஷனாக (லாபத்துக்குப் பங்குதாரர்களே வருமான வரி கட்டும் நிறுவன வகை) மாற்றினால் சுயதொழில் வரி குறையும் என்று யோசனை சொல்வார். மற்றவர்களுக்கு அது நல்ல யோசனை. இவர்களிடம் குறைப்பதற்குச் சுயதொழில் வரியே இல்லை. மாற்றிய நாளிலிருந்து முதலாளி கார்ப்பரேஷன் ஆகிவிடுகிறது. இந்த விலக்கைப் பொறுத்தவரை கார்ப்பரேஷனுக்கு மதம் கிடையாது என்பது சட்டத்தின் நிலை. அதே மேசை, அதே ரம்பம், அதே ஏழு பேர். அடுத்த வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் 7.65 சதவீதம் குறையும், பட்டறை இன்னொரு 7.65 சதவீதம் கட்டும். உரிமையாளரின் சொந்தச் சம்பளமும் இதில் மாட்டிக்கொள்ளும்.

நடைமுறைக் குழப்பங்கள் தனி. 4029-ஐச் சபைப் பிரதிநிதியின் கையெழுத்தோடு முதலில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சபையின் தகுதியைப் பார்த்து வருமான வரித் துறைக்கு அனுப்புவார்கள். நேராக வரித் துறைக்கு அனுப்பினால் தாமதம்தான். போதகர்களுக்கான 4361 வேறு படிவம், அதை நிரப்பிப் பயனில்லை. சம்பளத்துக்கான விலக்கு, விண்ணப்பித்த காலாண்டுக்கு அடுத்த காலாண்டின் முதல் நாளில் தொடங்கும். மார்ச் 28-இல் விண்ணப்பித்தால் ஏப்ரல் 1, ஏப்ரல் 2-இல் விண்ணப்பித்தால் ஜூலை 1. சில நாள் தாமதத்துக்கு மூன்று மாதப் பிடித்தம். வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தில் விலக்கு என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு, அது வருமான வரிப் பிடித்தத்துக்கு மட்டுமே. தகுதியுள்ள இடத்தில் சம்பள மென்பொருள் தானாகப் பிடித்துவிட்டால், முதலாளி சம்பள வரிக் கணக்கைத் திருத்தும் 941-எக்ஸ் படிவத்தைத் தாக்கல் செய்து தொழிலாளியின் பங்கைத் திருப்பித் தர வேண்டும். அதற்கும் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது.

இன்னும் மோசமான விளைவு ஒன்று நடக்கிறது. ஆலையிலோ கட்டட நிறுவனத்திலோ தொழிலாளியாக இருந்தால் வரி, சுயதொழில் செய்பவராக இருந்தால் விலக்கு. ஆகவே வெளி முதலாளிகளில் சிலர் ஆமிஷ் ஆட்களை ஒப்பந்தக்காரர் என்று காட்டி, டபிள்யூ-2-க்குப் பதில் ஒப்பந்தக்காரருக்கான 1099 படிவத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை நேரம், கருவி, கூலி எல்லாம் முதலாளி கையில் இருந்தால் அவர் ஒப்பந்தக்காரர் அல்ல, தொழிலாளிதான். சோதனை வந்தால் பழைய வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து வரும். இடைப்பட்ட காலத்தில் கூடுதல் நேரக் கூலியும் விபத்துக் காப்பும் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்திருக்காது. நேர்மையாகக் கணக்குக் காட்டுகிறவர் வரி கட்ட, மறைக்கிறவர் தப்பிக்கும்படி சட்டத்தை வைத்திருப்பது உங்களுக்கும் நல்லதல்ல.

மறுப்புகளையும் அறிவோம். விலக்கை விரித்தால் ஆளாளுக்குப் புதுச் சபை தொடங்குவார்கள் என்பார்கள். முடியாது. 1950 டிசம்பர் 31 முதல் இடைவிடாது இருந்துவரும் சபையாக இருக்க வேண்டும் என்ற கதவு அப்படியே இருக்கட்டும். விலகினால் 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். நிதி வற்றிவிடும் என்பார்கள். லீ வழக்கிலேயே நீதிபதி ஸ்டீவன்ஸ் தனித் தீர்ப்பில் இதைத் தொட்டிருக்கிறார்: இவர்கள் கட்டாத வரியைவிட இவர்கள் கேட்காமல் விடும் பலன் அதிகமாகவே இருக்கும் என்பது அவர் கணிப்பு. ஆமிஷ் ஆட்களை வைத்தால் முதலாளிக்கு மலிவு, மற்றத் தொழிலாளிகள் வேலை இழப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் தொழிலாளியின் பங்கை மட்டும் கேட்கிறோம். ஆமிஷ் அல்லாத முதலாளி தன் 7.65 சதவீதத்தைக் கட்டட்டும். அவருக்கு ஆமிஷ் ஆளும் மற்றவரும் ஒரே செலவுதான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 45 வயதில் சபையை விட்டு வருகிறவருக்கு, விலக்கு முடிந்த பிறகு ஈட்டும் சம்பளத்தின் மேல்தான் பலன் தொடங்கும். பதினெட்டு, இருபது வயதில் கையெழுத்திடும் ஒருவருக்கு இதன் கனம் புரிந்திருக்க வேண்டும். படிவத்தின் தலைப்பிலேயே, சட்ட மொழியில் அல்லாமல், எளிய வாக்கியத்தில் அதை அச்சிடச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கான வரிச் சலுகையிலும் இதே முகம்தான். பிறந்த குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வாங்க மனம் ஒப்பாத பெற்றோர், முன்பு வேறு சான்றுகள் காட்டிச் சலுகை பெற வழி இருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எண் இல்லாத குழந்தைக்கு இல்லை என்று அடைத்துவிட்டது. ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எத்தனை ஆயிரம் டாலர்! பலன் வேண்டாம் என்பவரிடம் வரி வாங்குகிறீர்கள், பிள்ளைகளுக்குரியதை எண்ணைக் காட்டி மறுக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். அது தனி மடலுக்கான பொருள். இந்த மடலின் கோரிக்கையை அது மறைத்துவிடக் கூடாது.

கோரிக்கை இதுதான். பிரிவு 3127-இல், 4029 ஒப்புதல் பெற்ற தொழிலாளியின் பங்கு வரிக்கு முதலாளியின் மதம் நிபந்தனையல்ல என்று ஓர் உட்பிரிவு சேருங்கள். பங்குதாரர்கள் அனைவரும் 4029 பெற்றிருக்கும் கார்ப்பரேஷனைக் கூட்டாண்மை போலவே நடத்தலாம் என்று இன்னோர் உட்பிரிவு. ஒப்புதல் நகலை முதலாளி கோப்பில் வைத்துக்கொண்டு, டபிள்யூ-2-இன் 4, 6 கட்டங்களை வெறுமையாக விட்டால் போதும். புதிய அலுவலகமோ புதிய படிவமோ தேவையில்லை.

அடுத்து எந்த வரி மசோதா உங்கள் குழுக்களுக்கு வந்தாலும், அதில் இந்த இரண்டு உட்பிரிவுகளையும் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதுவோர்