ஆம்பூர்த் தோழிக்கு லண்டனிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. யாழினிக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் மீதியைப் படிக்காமலே இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாம் வேலூருக்குப் படிக்கப் போவதற்கே நம் வீடுகளில் எத்தனை பேச்சு நடந்தது! இன்று உன் மகள் லண்டனில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேரப் போகிறாள். தங்க இடம் கிடைக்கும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் வெளியே விடாதே.

யாழினி கேட்கச் சொன்னதற்கு வருகிறேன். ஆபீஸுக்கு ஹை ஹீல்ஸ் போட்டுத்தான் வர வேண்டுமா, பூட்ஸ் போட்டுப் போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறாள். ஷூவைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்? ஷூ கம்பெனியில் கட்டிங்கிலிருந்து பெட்டியில் அடுக்குவது வரை எல்லாப் பிரிவையும் பார்த்தவள் நீ. ஆனால் ஆம்பூரில் நீங்கள் பெட்டியில் போட்டு அனுப்பும் ஜோடி இங்கே யார் காலில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைத் தினமும் பார்ப்பவள் நான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் யாழினிக்கான பதில்: கட்டாயம் இல்லை. காலை எட்டு மணிக்கு இங்கே 'பேங்க்' என்ற சுரங்க ரயில் ஸ்டேஷன் படிகளில் நின்று பார்த்தால் அவளுக்கே புரிந்துவிடும். கோட்டும் பாவாடையுமாக மேலே மிடுக்காக உடுத்திய பெண்கள் காலில் ஓட்டப்பயிற்சிக்குப் போவதுபோல ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக ஏறிப் போவார்கள். ஹீல்ஸ் கைப்பையில் இருக்கும், அல்லது ஆபீஸ் மேஜையின் கடைசி இழுப்பறையில் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அந்த இழுப்பறை ஜோடியையும் பலர் வெளியே எடுப்பதில்லை. அவள் வேலை பார்க்கப் போகும் லெடன்ஹால் பக்கம் பழைய சந்தை ஒன்று இருக்கிறது. தரை முழுக்கக் கல் பதித்தது. கூர்மையான குதி அந்தக் கல் இடுக்கில் சிக்கினால் கணுக்கால் மடங்கிவிடும். எஸ்கலேட்டர் பள்ளங்களும் நடைபாதை இரும்புச் சல்லடைகளும் அப்படித்தான். ஸ்டேஷன்களில் ஹீல் மாற்றித் தரும் சிறிய கடைகள் ஓயாமல் ஓடுவது இதனால்தான். குதியின் அடியில் ஒட்டிய சிறு ரப்பர் துண்டு தேய்ந்து உள்ளே இருக்கும் உலோக முனை தரையைத் தொடத் தொடங்கியதும், கல் தரையில் அந்தச் சத்தம் பத்தடிக்கு முன்பே கேட்கும்.

பூட்ஸ் தாராளமாகப் போடலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை அதுதான் புத்திசாலித்தனமும்கூட. கணுக்கால் வரை வரும் கறுப்புத் தோல் பூட்ஸ், மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் தடித்த குதி, அடியில் ரப்பர் சோல். இந்த ஒரு ஜோடி போதும், வாடிக்கையாளர் சந்திப்புக்கும் போகலாம், மழையிலும் நடக்கலாம். தோல் சோல் வேண்டாம். நனைந்த தெருவிலிருந்து ஆபீஸ் முகப்பின் பளிங்குத் தரையில் கால் வைத்த கணமே வழுக்கும். உறைபனி நாட்களில் இங்கே தெருவில் உப்புத் தூவுவார்கள். அது தோலில் ஏறி, காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டுவிடும். வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியால் துடைத்தால் போய்விடும், அன்றைக்கே துடைக்க வேண்டும். இன்னொன்று, சிறு வயதிலிருந்து திறந்த செருப்பு போட்டு வளர்ந்த நம் கால்கள் முன்பக்கம் விரிந்திருக்கும். இங்கே பெண்களுக்கான ஷூ பெரும்பாலும் 'டி' அகலத்தில்தான் வரும். அவள் அதைவிட அகலமான 'ஈ' கேட்டு வாங்கட்டும், அதுவும் மாலையில் போய் வாங்கட்டும். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்தியதுதான் நாள் முழுக்கப் பொருந்தும்.

எனக்கு ஹீல்ஸ் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். குதி உயர்ந்ததும் முதுகு தானாக நிமிர்கிறது, கால்சட்டை மடிப்பு நேராக விழுகிறது, உயரமான ஆண்கள் நிறைந்த அறையில் பேசும்போது அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஏழு சென்டிமீட்டரில் அடர்சிவப்பு ஜோடி ஒன்று வைத்திருக்கிறேன், போடும் நாளெல்லாம் மனத்துக்குச் சந்தோஷம். ஆனால் என்னிடம் நாற்காலி இருக்கிறது, செல்வி. சந்திப்பு முடிந்ததும் வந்து உட்கார்கிறேன், மேஜைக்கடியில் கழற்றிப் போடுகிறேன், யாரும் கேட்பதில்லை. இதே ஷூவைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அது வேறு பொருள். இந்த விஷயத்தை நாகரிகம், ரசனை, பெண்மை என்று பேசுகிறார்களே, எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

நான் முன்பு வேலை பார்த்த கட்டடத்தின் வரவேற்பு மேஜை மார்பளவு உயரப் பளிங்குக்கல். பின்னால் இரண்டு பெண்கள் நிற்பார்கள். நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர் அனுப்பியவர்கள். முன்னாலிருந்து பார்த்தால் சிரித்த முகமும் கழுத்துத் துணியும் மட்டும் தெரியும். ஒரு நாள் பார்சல் ஒன்றைத் தேடிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனேன். இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு சிறு கம்பளத் துண்டின் மேல் வெறும் காலுறையோடு நின்றிருந்தார்கள். லிஃப்ட் மணி அடித்ததும் குனியாமல், கீழே பார்க்காமல், கால்விரலால் துழாவியே இருவரும் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்து, அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது.

நிகோலா தார்ப் என்ற பெண்ணின் கதையை நீ கேள்விப்பட்டிருக்கலாம். 2015 டிசம்பரில் லண்டனில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தின் வரவேற்பில் தற்காலிக வேலைக்குப் போனார். அன்றுதான் முதல் நாள். குதியில்லாத கறுப்பு ஷூவில் போயிருந்தார். இரண்டு முதல் நான்கு அங்குலக் குதி வேண்டும் என்பது ஆள் அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்தின் விதி. வாங்கிப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். விருந்தினரை அறை அறையாக அழைத்துப் போகும் வேலை அது, ஒன்பது மணி நேரம். ஆண்களிடமும் இதைக் கேட்பீர்களா என்று அவர் கேட்டார். சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் நாடாளுமன்றத்துக்கு எழுதிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்த நிறுவனமும் விதியை மாற்றி, சாதாரண ஷூவுக்கு அனுமதி கொடுத்தது.

நாடாளுமன்றத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தன. அதற்காக நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள். காலில் ரத்தம் வரும்வரை நின்றதைச் சிலர் எழுதினார்கள். முடிக்குப் பொன்னிறச் சாயம் பூசச் சொன்னதை, உதட்டுச் சாயத்தை அடிக்கடி புதுப்பிக்கச் சொன்னதை எல்லாம் எழுதினார்கள். மார்ச்சில் விவாதமும் நடந்தது. கடைசியில் அரசாங்கம், 2010 சமத்துவச் சட்டமே போதும், புதிய சட்டம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 2018-இல் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வந்தது, அவ்வளவுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதே 2017 ஏப்ரலில் நேரடியாகத் தடை போட்டது. அதுதான் சரி என்பேன். 'சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, வழக்குப் போடலாம்' என்று தற்காலிக வேலைக்காரியிடம் சொல்வதில் என்ன நியாயம்? அவள் வாயைத் திறந்தால் நாளைக்கு ஒப்பந்தக்காரர் வேறு பெண்ணை அனுப்புவார்.

குதி உயர்ந்த ஷூ ஆண்களிடமிருந்து வந்தது என்பதை யாழினியிடம் சொல். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கக் குதி வைத்தார்கள். அங்கிருந்து ஐரோப்பியப் பிரபுக்களுக்குப் போனது. பிரான்ஸின் பதினான்காம் லூயி சிவப்புக் குதியோடு நிற்கும் ஓவியத்தை இன்றும் பார்க்கலாம். குதிரையில் உட்கார்ந்திருப்பவனுக்காகப் பிறந்த பொருளைத்தான் இப்போது நின்றுகொண்டே இருப்பவளின் காலில் மாட்டுகிறார்கள்.

காலுக்கு என்ன ஆகிறது என்பது உனக்குத் தெரியும், நீ அந்தச் சரிவை ஷூ செய்யும் அச்சிலேயே பார்க்கிறவள். குதி உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்துக்குப் போகிறது, குறுகிய முனைக்குள் விரல்கள் நெரிகின்றன. பல ஆண்டுகள் தினமும் போட்டவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இழைகள் குறுகி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்து விறைத்துவிடுகிறது என்று 2010-இல் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வெறுங்காலில் நடப்பதே வலிக்கும். விடுமுறையில்கூடச் செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை என்று ஒரு விமானப் பணிப்பெண் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானில் 2019-இல் யுமி இஷிகாவா என்ற நடிகை இதே போராட்டத்தைத் தொடங்கினார். ஈமச்சடங்கு நிலையம் ஒன்றில் பகுதி நேர வேலை பார்த்தபோது குதி உயர்ந்த ஷூ போடச் சொன்னார்கள் என்பதுதான் தொடக்கம். துக்க வீட்டாருக்கு உதவ நிற்கும் பெண்ணுக்குக் குதி எதற்கு? தொழிலாளர் அமைச்சரோ, வேலைக்குத் தேவையென்று சமூகம் ஏற்றுக்கொண்ட வரம்புக்குள் இருந்தால் சரி என்ற தொனியில் பதில் சொன்னார். ஆனாலும் அடுத்த ஆண்டே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு இருந்த அந்த விதியை எடுத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸ் செய்தது. 2017-இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஓர் ஆணை போட்டது. அதில் ஹீல்ஸ் விஷயத்தைத் தனியாக எடுக்கவில்லை. நின்றுகொண்டே வேலை செய்பவர்களின் பாதுகாப்பு என்ற தலைப்பில், ஓய்வு இடைவேளை, உட்கார இருக்கை, கால் வலிக்காத ஷூ மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள். விஷயம் புரிந்தவர்கள் எழுதியது என்று அதைப் பார்த்ததுமே தெரிகிறது.

நம் ஊரில் ஆபீஸுக்கு ஹீல்ஸ் என்பது சிலருக்கு மட்டுமே. ஆனால் நிற்பது எல்லோருக்கும் உண்டே! தி.நகர் ஜவுளிக்கடையில் புடைவை விரித்துக் காட்டும் பெண்ணைப் பார். கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தின. தமிழ்நாட்டுத் திருத்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சித்தி வேலூரில் நகைக்கடையில் நின்றே காலம் கழித்தவர். அவர் காலில் புடைத்திருந்த நீல நரம்புகளை நீயும் பார்த்திருக்கிறாய். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்புதான்.

இப்போதைய ஆபீஸில் உடை விதிகளைத் திருத்தி எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். ஷூவைப் பற்றி ஒரே வரி போதும் என்று சொன்னேன்: சுத்தமாக, வழுக்காமல் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதி. ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும் என்று சேர்க்கத்தான் இரண்டு கூட்டம் பேச வேண்டியிருந்தது. வரவேற்பு மேஜைக்கு உயரமான நாற்காலிகள் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் விருந்தினரை மதிக்காததுபோல இருக்கும் என்று ஒருவர் சொன்னார். வங்கிக்குப் போனால் உட்கார்ந்தபடிதானே பணம் தருகிறார்கள், யாருக்கு மரியாதை குறைந்தது என்று கேட்டேன். அடுத்த வாரம் முடிவு தெரியும். விடப்போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தையல் பிரிவில் உங்கள் பெண்கள் மெஷின் முன் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். ஃபினிஷிங்கிலும் பேக்கிங்கிலும் நிற்பவர்களுக்கு இருக்கை உண்டா? நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். கிராமத்திலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி வந்து, வீட்டுக்குப் போய் மறுபடி அடுப்படியில் நிற்கும் பெண்கள் அவர்கள். நீ இப்போது சூப்பர்வைசர், உன் சொல் எடுபடும். எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது.

யாழினியின் இரண்டு காலையும் மாலை நேரத்தில் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து அனுப்பு. அவள் வருவதற்குள் பூட்ஸை நான் வாங்கி வைத்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கீதா