செயலிக்கு முன் நிறுத்தப் பட்டியலைச் சரிசெய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தபிறகு மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் க்யூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது. வரவேற்கிறோம். ஆனால் செயலி எத்தனை புதிதாக இருந்தாலும், உள்ளே போகும் தரவு தவறென்றால் பயணி தவறான இடத்தில்தான் நிற்பார். மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் நிறுத்தங்களுக்கு ஒரே மூலப்பட்டியலும், அதற்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பு அதிகாரியும் வேண்டும்.

டிக்கெட் இயந்திரத்துக்குத் தேவை கட்டண ஸ்டேஜ், அதாவது கட்டணம் கணக்கிடும் பகுதி. ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு மூன்று நிறுத்தங்கள் அடங்கலாம். கால அட்டவணைக்கு முனையத்திலிருந்து புறப்படும் நேரம் முக்கியம். ஜிபிஎஸ் மென்பொருளுக்கோ அட்சரேகை, தீர்க்கரேகை போதும். இந்த மூன்றையும் பெயரை வைத்து இணைத்தால் 'வடபழனி', 'வடபழனி கோயில்', 'வடபழனி பஸ் நிலையம்' எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். சாலையின் இரு பக்கத்துக்கும் தனித்தனி எண் தேவை. இல்லாவிட்டால் செயலி பயணியை எதிர்ப்பக்கத்தில் நிற்க வைக்கும். நிறுத்தம் நீக்கப்பட்டாலும் அந்த எண்ணை வேறு நிறுத்தத்துக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழைய பயணக் கணக்கு முழுவதும் கெடும்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பல சாலைகளில் நிறுத்தங்கள் இடம் மாறுகின்றன. தற்காலிக நிறுத்தத்தைப் பதியும்போது தொடங்கும் தேதியோடு முடியும் தேதியும் கட்டாயம். முடியும் தேதி இல்லாத பதிவு, சாலை திறந்த பிறகும் பட்டியலில் கிடக்கும். பணிமனையில் ஒருவர் பதிய, தலைமையகத்தில் இன்னொருவர் சரிபார்த்து 24 மணி நேரத்துக்குள் வெளியிடலாம். வெளியிடுமுன் கணினியே சிலவற்றைச் சோதிக்க முடியும்: நிறுத்தம் தடத்தின் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கு மேல் விலகியிருக்கிறதா, அடுத்த நிறுத்தத்தின் நேரம் முந்தையதைவிடக் குறைவாக இருக்கிறதா, இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே மணிக்கு 80 கி.மீ. வேகம் வருகிறதா என்று.

செயலி காட்டிய பஸ் வராமல் போவதற்கு முக்கியமான ஒரு காரணம் ஸ்பேர் வண்டி. ஜிபிஎஸ் கருவி இருப்பது வண்டியில். தடம் எண் இருப்பது டூட்டியில், அதாவது ஊழியருக்கு அன்று ஒதுக்கிய பணியில். காலையில் பழுதான வண்டிக்குப் பதில் வேறு வண்டி 29சி தடத்தில் போனால், யாராவது அந்த மாற்றத்தைப் பதியும்வரை செயலியில் 29சி பணிமனையிலேயே நிற்கும். கண்டக்டர் டிக்கெட் இயந்திரத்தில் டூட்டியைத் தொடங்கும்போதே வண்டி எண்ணையும் உள்ளிட வைத்தால் இந்த இணைப்பு தானாக நடந்துவிடும், தனி ஆள் வேண்டாம். முழுத் தூரம் போகாமல் பாதி வழியில் திரும்பும் கட் சர்வீஸுக்கும் இதே வழி. ஜிபிஎஸ் தகவல் 3 நிமிடத்துக்கு மேல் பழையதானால் அதை நேரலை என்று காட்டாமல் அட்டவணை நேரத்தைக் காட்டுவதே நேர்மை.

2021 மே முதல் மகளிருக்குத் தரப்படும் கட்டணமில்லா டிக்கெட்டுகள், எங்கே கூடுதல் பஸ் தேவை என்பதற்கு அருமையான சான்று. ஆனால் நெரிசலில் கண்டக்டர் இயந்திரத்தில் ஸ்டேஜை அடுத்ததற்கு நகர்த்தாமல் டிக்கெட் அடித்தால் கூட்டம் முந்தைய ஸ்டேஜில் பதிவாகும். ஜிபிஎஸ் இடத்தோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கலாம். பிழையைத் திருத்தத்தான் இது. கண்டக்டர்மீது நடவடிக்கைக்கு இதைப் பயன்படுத்தினால் அவர்களின் ஒத்துழைப்பு கிடைக்காது.

க்யூஆர் டிக்கெட்டோடு பயணியின் தொலைபேசி எண்ணும் சேர்கிறது. 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாக விற்க 2019-இல் கொள்கை வகுத்த மத்திய அரசு, 2020-இல் அதைக் கைவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும். டிக்கெட் பணம் திரும்பத் தரும் காலம் முடிந்ததும் தொலைபேசி எண்ணைப் பயணப் பதிவிலிருந்து பிரித்து அழித்துவிடலாம். பொதுவில் வெளியிடும் பயணிகள் எண்ணிக்கையில் 10-க்குக் குறைந்தவற்றை மறைக்க வேண்டும். அதிகாலை 5 மணிக்கு ஒரு நிறுத்தத்தில் ஏறும் ஒரே பயணியைப் பெயர் இல்லாமலே அடையாளம் காணலாம்.

டெல்லி அரசு 2018-லேயே பேருந்து அட்டவணையையும் நேரலை இருப்பிடத்தையும் திறந்த தரவாக வெளியிட்டது. இங்கும் அது வர வேண்டுமானால், மென்பொருள் நிறுவனத்துக்கான ஒப்பந்தப்புள்ளியிலேயே இரண்டு நிபந்தனைகள் தேவை: தரவு முழுவதும் கழகத்தின் உடைமை, ஒப்பந்தம் முடியும் நாளில் நிறுவனம் அதைத் திறந்த வடிவத்தில், நிறுத்த எண்கள் மாறாமல் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
போக்குவரத்துத் தரவுப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை.