குளிரூட்டப்படும் வாசிப்பறைகளில் வெளிக்காற்று வசதி கோரும் மனு

அனுப்புநர்:
கட்டடக் காற்றோட்டப் பொறியாளர்கள், ஏ.சி. மெக்கானிக்குகள்,
சென்னை.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நூலகங்கள், அறிவுசார் மையங்களில் ஏ.சி. பொருத்தும் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிக்காற்றின் அளவையும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் நாள் முழுதும் உட்காரும் அறைகளுக்கு ஏ.சி. வாங்கும்போது எத்தனை டன், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறோம். வெளிக்காற்று எவ்வளவு என்று பார்ப்பது அரிது. ஸ்பிளிட் ஏ.சி. வெளியிலிருந்து காற்றை எடுப்பதில்லை. அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் யூனிட் வெப்பத்தை மட்டுமே தள்ளுகிறது.

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 60 பேர் இருப்பதாகக் கொள்வோம். உட்கார்ந்து படிக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். வெளிக்காற்றில் உள்ளதுபோல் 420 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) தொடங்கும் அறைக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு எட்டே நிமிடத்தில் 1000-ஐ எட்டும். கதவு இடுக்குகளின் வழியே மணிக்கு அறையின் பாதி அளவு காற்று மாறினாலும், அரை மணி நேரத்தில் 2500-ஐ நெருங்கும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பேரின் முடிவெடுக்கும் திறன் ஒன்பது அளவுகோல்களில் சோதிக்கப்பட்டது. 600 பிபிஎம்மோடு ஒப்பிட்டால் 1000-இல் ஆறு, 2500-இல் ஏழு அளவுகோல்கள் சரிந்தன. தூய கார்பன் டை ஆக்சைடை மட்டும் ஏற்றிய டென்மார்க் சோதனையில் 3000 வரையிலும் சரிவு தெரியவில்லை. உடலிலிருந்து வெளிப்படும் பிற வாயுக்களும் சேர்ந்தபோதே தெரிந்தது. ஆகவே எந்த வாயு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரிகாரத்தில் இல்லை: மனிதர் நிறைந்த அறையில் இவை சேர்ந்தே ஏறுகின்றன, வெளிக்காற்று வந்தால் சேர்ந்தே இறங்குகின்றன.

மேற்சொன்ன அறையை 1000-க்குள் வைக்க மணிக்கு ஏறத்தாழ 1,860 கன மீட்டர் வெளிக்காற்று தேவை. ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன்கள், எதிர்ச்சுவரில் அடைப்பின்றிக் குறைந்தது 0.3 சதுர மீட்டர் காற்றுவழி வேண்டும். இங்கேதான் வேலை கெடுகிறது. காற்றுவழியே வைக்காமல் ஃபேன் மட்டும் மாட்டினால் அது சத்தம் போடும், காற்று நகராது. கழிப்பறைக் கதவு வழியாக நாற்றத்தையும் இழுக்கும். ஃபேனும் காற்றுவழியும் அருகருகே இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும். ஜெனரேட்டர் புகைபோக்கிப் பக்கம் காற்றுவழி கூடாது. சாலையோரக் கட்டடமானால் நுண்துகள் வடிகட்டி அவசியம். அதன் தடையைச் சாதாரண ஃபேன் தாங்காது, அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் புளோயர் வேண்டும். காற்றுவழியில் போடும் கொசுவலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

செலவை மறைக்க விரும்பவில்லை. சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு வெளிக்காற்றைக் குளிர்விக்க ஏறத்தாழ 5 டன் கூடுதல் திறன் தேவை. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியைக் கொண்டு உள்ளே வரும் காற்றைத் தணிக்கும் இ.ஆர்.வி. கருவி இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் ஜன்னலைத் திறந்து மின்விசிறி போட்டாலே போதும்.

எனவே, இனிவரும் ஒப்பந்தப்புள்ளிகளில் நபருக்கு நொடிக்கு 8.6 லிட்டர் வெளிக்காற்று (மேற்சொன்ன 1,860 கன மீட்டரை 60 பேருக்குப் பகிர்ந்தால் வரும் அளவு) என்பதை நிபந்தனையாக்கி, அறை நிரம்பிய நிலையில் அளந்து காட்டிய பிறகே இறுதித் தொகை வழங்க வேண்டுகிறோம். ஏற்கெனவே உள்ள அறைகளில் மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்க நூலகர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் வேண்டுகிறோம்.

கார்பன் டை ஆக்சைடை அளவிட, அகச்சிவப்பு ஒளியால் அதையே நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். வகை மீட்டரையே வாங்க வேண்டும்; மலிவானவை பல, வேறு வாயுக்களைப் பார்த்து ஊகித்துச் சொல்பவை. உட்கார்ந்தவர் தலை உயரத்தில், ஏ.சி. காற்று படாத இடத்தில் மாட்டலாம். தானாகத் திருத்திக்கொள்ளும் மீட்டர்கள், வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்கின்றன. என்றுமே திறக்காத அறையில் அவை குறைத்தே காட்டும். அங்கே மாதம் ஒருமுறை மீட்டரை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று வெளிக்காற்றில் சரிபார்க்க வேண்டும்.

தேவைப்பட்டால் மாதிரி நிபந்தனைகளை வரைந்து தரவும், ஒரு மையத்தில் அளந்து காட்டவும் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்