எத்தனை மணி நேரம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பேட்டரி மின்சேமிப்புக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கடலூர் பக்கம் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

அந்தக் காலத்தில் கண்ட்ரோல் ரூமில் ஃபிரீக்வென்சி மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிப்போம். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது, மின் தேவை உற்பத்தியை மிஞ்சி 49-ஐ நோக்கி இறங்கினால் போன் அடிக்கும். "அந்த ஃபீடரை எடுங்க" என்பார்கள், அதாவது ஊர்களுக்குப் போகும் அந்த மின்பாதையை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்விட்சைத் திருப்புவேன், படாரென்று பிரேக்கர் விழும், வரிசையாக நாலைந்து கிராமம் இருட்டாகிவிடும். பரீட்சை மாதத்தில் அப்படி எடுத்த சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தும் பயனில்லை. பழுப்பு நிலக்கரிக் கொதிகலனை நினைத்த நிமிடத்தில் ஏற்றிவிட முடியாது.

பேட்டரியால் அது முடியும். 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லாய் யாங் நிலையத்தில் 560 மெகாவாட் யூனிட் ஒன்று திடீரென நின்றது. அதுவும் பழுப்பு நிலக்கரி நிலையம்தான். கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்ன்ஸ்டேல் என்ற பெரிய பேட்டரி நிலையம், ஃபிரீக்வென்சி இறங்கியதுமே மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அன்று கொடுத்தது 7 மெகாவாட் சொச்சம்தான், ஆனாலும் அந்த வேகத்துக்கு எந்தக் கொதிகலனும் வராது.

சரி, என் குறைக்கு வருகிறேன். கட்டுரை முழுக்க மெகாவாட் கணக்கு மட்டுமே இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு என்பது எங்கேயும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது குழாயின் அகலத்தை மட்டும் சொன்னால் போதுமா? மெகாவாட் என்பது குழாயின் அகலம், மெகாவாட் மணிதான் தொட்டியின் கொள்ளளவு. ஹார்ன்ஸ்டேல் தொடங்கும்போது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. முழு அளவில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம். நம் புதுச்சேரியில் மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் 2017-ல் சோதனைக்காக வைத்த லித்தியம் பேட்டரி 500 கிலோவாட், 250 யூனிட் (கிலோவாட் மணி). அரை மணி நேரம்தான் தாங்கும். ஃபிரீக்வென்சியைத் தூக்கி நிறுத்த அது போதும். உச்சி வெயிலில் கொட்டும் சோலார் மின்சாரத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விளக்கும் கிரைண்டரும் ஏசியும் ஒன்றாக ஓடும் நேரத்துக்குக் கொண்டுவர நாலு மணி நேரமாவது தாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு.

இன்னொன்று. 'புயலிலும் இனி இருட்டில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 2011 தானே புயலில் மின்சாரத்துக்குப் பஞ்சம் வந்து எங்களுக்கு இருட்டாகவில்லை, கம்பம் சாய்ந்துதான் இருட்டானது. சாய்ந்த கம்பத்தைப் பேட்டரி நிமிர்த்தாது. மக்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடலூரில் பேட்டரி நிலையம் அமைப்பதாக இருந்தால், 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பார்த்து, அதற்கு மேலே மேடை கட்ட வேண்டும். உப்புக் காற்று புகாத பெட்டிகள் வேண்டும். லித்தியம் தீ தண்ணீர் அடித்தால் சுலபத்தில் அணையாது, அணைந்த பிறகும் மறுபடி பற்றும். அதனால் முதல் பெட்டி வந்து இறங்கும் முன்பே நம் தீயணைப்பு வீரர்களுக்கு அதற்கான பயிற்சி கொடுத்தாக வேண்டும்.

- ஓய்வு பெற்ற மின் ஊழியர், கடலூர் முதுநகர்