சனிக்கிழமை திருயாத்திரை: கவனிக்க வேண்டியவை

அன்பு மாணவர்களே, காலை 6 மணிக்குப் பரங்கிமலை அடிவாரம் வந்துவிடுங்கள். படிகளை ஒட்டி 14 சிலுவைப்பாதை நிலைகள் உண்டு, ஜெபித்தபடி ஏறுவோம். வெயில் ஏறினால் வெறுங்காலில் கல் சுடும், அதனால்தான் இந்த நேரம். 1523இல் கட்டிய ஆலயம். பீடத்தில் உள்ள கற்சிலுவையைச் சுற்றி பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துகள் ஓடும், நிதானமாகப் பாருங்கள்.

அடுத்து சின்னமலை. மெட்ரோவில் ஆலந்தூரில் இறங்கி நீல வழித்தடத்துக்கு மாறணும். மாறாமல் உட்கார்ந்திருந்தால் ஈக்காட்டுத்தாங்கல் போய்விடுவீர்கள். சின்னமலை குகையின் வாசல் தாழ்வானது: குனிந்து, இரண்டிரண்டு பேராக, முதுகுப்பை வெளியே.

பிறகு லஸ் காட்டு மாதா கோயில் (கல்வெட்டில் 1516), கடைசியாகச் சாந்தோம். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைக்கு வழி பேராலயத்துக்குள் இல்லை, பின்பக்கம் தனி வாசல். அங்கே முழு மௌனம். செல்போனை முன்பே அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் 1 லிட்டர், ஜெபமாலை, தோளை மூடும் உடை கட்டாயம்.