ஃபார்மட் செய்வதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிக்கடி அறுந்துபோகும் நெட்வொர்க் இணைப்பைச் சரிசெய்வது குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டிரைவரை (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள், அப்போதும் சரிவராவிட்டால் இயக்குதளத்தையே புதிதாக நிறுவுங்கள், கடைசியாக நெட்வொர்க் கார்டை மாற்றுங்கள் என்று அக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு இது பல நேரம் பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் கணினிகளைப் பராமரிக்கும் இளைஞர்களும் அப்பகுதியைப் படிக்கிறார்கள் என்பதால், அந்த வரிசையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பிழையின் தடயங்களை எடுத்துவைப்பதற்கு முன்பே அவற்றைத் துடைத்துவிடச் சொல்லும் வரிசை அது. விட்டு விட்டு வரும் பிழையைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு இல்லை.

டிரைவர் மீது பழிபோடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. லினக்ஸ் உள்ளிட்ட இயக்குதளங்களின் கெர்னல்களை, அதாவது அவற்றின் மையப் பகுதிகளை, ஆராய்ந்து 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கெர்னலின் மற்றப் பகுதிகளைக் காட்டிலும் டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை கூடுதலாக இருக்கக் கண்டார்கள். ஆயினும் டிரைவரைச் சந்தேகிப்பது வேறு, அதுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுவது வேறு. 2008-இல் இன்டெல் நிறுவனத்தின் நெட்வொர்க் சிப்களுக்கான இ1000இ என்னும் லினக்ஸ் டிரைவருக்கு நேர்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

அந்த ஆண்டு லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை நிறுவியவர்களில் சிலருடைய மடிக்கணினிகளில் நெட்வொர்க் திடீரென மடிந்தது. கணினியை அணைத்து மீண்டும் தொடங்கினாலும் கார்டு உயிர்பெறவில்லை. என்விஎம் செக்சம் செல்லாது (நிலையான நினைவகத்தின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை) என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு டிரைவர் நின்றுவிடும். கார்டை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் அமைப்பு விவரங்களும் பதிந்துள்ள நிலையான நினைவகம் அழிந்தோ சிதைந்தோ போயிருந்ததே காரணம். பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும், இயக்குதளத்தையே மாற்றி நிறுவினாலும், அழிந்துபோன விவரம் திரும்பி வராது. கட்டுரையாளர் கூறும் முதல் இரண்டு படிகளும் இங்கே முற்றிலும் பயனற்றவை. மூன்றாவது படியும் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்ட சிப்பைப் பொறுத்தவரை எளிதன்று.

சந்தேகம் முதலில் டிரைவர் மீது விழுந்தது. சிலருக்குத் திரை உறைந்த வேளையில் இது நிகழ்ந்ததால் கிராஃபிக்ஸ் டிரைவர் மீதும் விழுந்தது. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான உபுண்டு தன் சோதனைப் பதிப்பில் இ1000இ டிரைவரையே முடக்கிவைத்தது. இன்டெல் பொறியாளர்கள் அந்த நிலையான நினைவகத்தில் எவரும் எழுத முடியாதபடி பூட்டுப் போடும் திருத்தம் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்புடன் 2008 அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளியானது. சேதம் நின்றது. ஆனால் எழுதியது யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதை விடாமல் துரத்தியதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எழுதியது நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத எஃப்ட்ரேஸ் என்னும் கண்காணிப்பு வசதி. கெர்னலின் ஒவ்வொரு செயற்கூறும் எப்போது அழைக்கப்படுகிறது என்று பார்ப்பதற்காக, அவற்றின் தொடக்கத்தில் உள்ள கட்டளைகளின் முகவரிகளை அது குறித்துவைத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து அந்த இடங்களில் திருத்தி எழுதும். மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலோடு சேர்க்கப்படும் துண்டு; அதன் தொடக்க நிரல், தன் வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து விடுவிக்கப்பட்டுவிடும். எஃப்ட்ரேஸின் குறிப்பில் மட்டும் அந்த முகவரி நீடித்தது. காலி செய்துபோன வாடகைக்காரருக்கு வந்த கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்குள் போட்டதைப் போல, அதே முகவரி இப்போது நெட்வொர்க் சிப்பின் நிலையான நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்க, எஃப்ட்ரேஸ் அங்கே போய்க் கைவைத்தது. இத்தனைக்கும் அது கண்மூடித்தனமாக எழுதவில்லை. ‘அங்கே நான் எதிர்பார்க்கும் மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்னும் ஒப்பீட்டுக் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 செயலிகளில் அக்கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் பழைய மதிப்பையே ஒருமுறை திருப்பி எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. வன்பொருளோடு இணைக்கப்பட்ட முகவரியிலோ எழுதுவதே வன்பொருளுக்கு இடும் ஒரு கட்டளை. எஃப்ட்ரேஸை உருவாக்கிய ஸ்டீவன் ராஸ்டெட்டே இதைக் கண்டறிந்தார். அடுத்து வந்த 2.6.27.1 பதிப்பில் அவ்வசதி முடக்கப்பட்டது.

இத்தகைய பிழையை ‘எந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது’ என்று பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் அந்த முறையில் ஏறத்தாழ 10 சோதனைகள் போதும். ஆனால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழையில், ‘இந்தப் பதிப்பு நல்லது’ என்ற முடிவை எவ்வளவு நேரம் காத்திருந்து எழுதுவது? அவசரப்பட்டு ஒருமுறை தவறாக நல்லது என்று குறித்துவிட்டால், அதற்குப் பின் செய்யும் சோதனை அத்தனையும் தவறான பாதியிலேயே நடக்கும். இ1000இ விவகாரத்தில் ஒவ்வொரு சோதனையும் ஒரு கணினியின் நெட்வொர்க்கையே பலிவாங்கக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் இவ்வளவு விபரீதமான பிழை வாய்க்காது. அன்றாடம் நாம் காணும் அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு, லினக்ஸில் எத்டூல் என்னும் கருவி காட்டும் எண்ணிக்கைகளைப் பார்ப்பதே முதல் வேலை. சிஆர்சி பிழையின், அதாவது வழியில் சிதைந்து வந்த தகவல்களின், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டிரைவரைத் தொடவே வேண்டாம். கேபிளையும் அதன் முனையிலுள்ள இணைப்பியையும் ஸ்விட்சின் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். தவறவிட்ட பாக்கெட்டுகளின் (தகவல் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறினால், தகவல் கார்டு வரை பழுதின்றி வந்தும் அதை வாங்கிவைக்க இடமில்லை, அதாவது டிரைவரோ செயலியோ போதிய வேகத்தில் காலி செய்யவில்லை என்று பொருள். இரண்டும் அசையாமல், கெர்னல் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவில் ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று தொடங்கும் எச்சரிக்கை வந்திருந்தால், அனுப்பக் கொடுத்த பாக்கெட்டுகள் போய்விட்டன என்ற தகவல் உரிய காலத்தில் திரும்பி வரவில்லை. அப்போதுதான் கார்டு செயலிக்கு அனுப்பும் இன்டரப்ட் என்னும் அழைப்பு தொலைகிறதா, மின்சிக்கனத்துக்காக, கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு உறங்கப்போய் விழிக்காமல் இருக்கிறதா, டிரைவரின் கணக்கு பிசகுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் 82574 சிப்பில் இந்த மின்சிக்கன வசதி தொல்லை கொடுத்ததால், இ1000இ டிரைவரே அதை முடக்கிவைக்கும்படி பின்னர் மாற்றப்பட்டது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நடைமுறையில் கேபிள், டிரைவர், போர்ட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, ‘இப்போது ஓடுகிறது, விடுங்கள்’ என்று எழுந்துபோகும் பழக்கம்தான் அதிகம்.

எனவே கட்டுரையாளர் தம் வரிசையின் தலையில் ஒரு படியைச் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு அறுந்த நிலையில், கணினியை மறுதொடக்கம் செய்யாமல், கெர்னல் பதிவையும் எத்டூல் எண்ணிக்கைகளையும் ஒரு பென் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்; கெர்னல் பதிப்பு, டிரைவர் பதிப்பு, கார்டின் மாதிரி எண் ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள் என்பதே அது. விண்டோஸ் பயன்படுத்துவோர் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவைச் சேமிக்கலாம். இடப்பற்றாக்குறை இருந்தால், இயக்குதளத்தைப் புதிதாக நிறுவச் சொல்லும் பத்தியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் இதை வெளியிடலாம்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்,
நாமக்கல்.